தோதகத்தி மேசையின் பிறப்பிடம்

பழைய மேசை ஒன்று கைமாறும்போது அதனோடு ஒரு கதையும் கைமாறுவது வழக்கம். "இது கப்பலேறிச் சீமையிலிருந்து வந்தது", "நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது", "இன்னார் பட்டறையில் செய்தது" என்பன போன்ற செய்திகள் பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் வாய்மொழியாகவே வந்து சேர்கின்றன. மரம் ரோஸ்வுட் என்று பெயர் பெற்றதாயின் கதை இன்னும் சற்று நீளும். இவற்றுட் சில உண்மை; பல, சொல்லச் சொல்ல வளர்ந்தவை. ஆயினும் மேசைக்கும் ஒரு வாக்குமூலம் உண்டு. அது பளபளக்கும் மேற்பலகையில் அன்று, எவரும் குனிந்து பார்க்காத அடிப்புறத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வாக்குமூலத்தைப் படித்தறிவது பொழுதுபோக்குக்கு மட்டும் உரிய காரியமன்று. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தை முறைப்படுத்த 1973-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் சேர்ந்த நாடுகளே. அவ்வுடன்படிக்கையின் மிகக் கடுமையான முதற்பட்டியலில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் 1992-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதன் உறவினங்கள் எல்லாம் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் அடங்கின. ஆகவே, ஒரு மேசையின் மரம் எந்நாட்டது, மேசை எக்காலத்தது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை தெரியாவிட்டால், அம்மேசை துறைமுகத்திலேயே நின்றுவிடக்கூடும். ஊர் விட்டு ஊர் குடிபெயரும் மகன் தன் தந்தையின் மேசையை உடன் கொண்டுபோக இயலுமா என்பதும் இதைப் பொறுத்ததே.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். ரோஸ்வுட் என்றதும் ரோஜாச் செடியை நினைப்பவர் உண்டு. அச்செடிக்கும் இம்மரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. புதிதாக அறுக்கும்போது எழும் நறுமணத்தால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. தமிழில் இம்மரத்தைத் தோதகத்தி என்றும், ஈட்டி என்றும், சில வட்டாரங்களில் நூக்கமரம் என்றும் வழங்குவர். தமிழ்நாட்டில் இம்மரத்தைப் பாதுகாக்க 1994-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும் தோதகத்தி என்ற பெயரையே ஏற்றது. கருங்காலி வேறு, தோதகத்தி வேறு. இரண்டும் கறுத்த வயிரமுடையவை என்பதால் பேச்சு வழக்கில் குழம்பிவிடுகின்றன. சீனரோ இதன் இனத்தைச் சேர்ந்த மரங்களுக்குச் 'சுவான்சி' என்று பெயரிட்டனர். 'புளிப்புக் கிளை' என்பது அதன் பொருள். அறுக்கும்போது புளித்த வாடை வீசுவதால் வந்த பெயர். ஓர் இனத்து மரங்களில் ஒரு சாரார் ரோஜாவையும் மற்றொரு சாரார் புளிப்பையும் முகர்ந்தனர் என்பது சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவை தரும் செய்தி.

தாவர நூலார் இவ்வினத்தை டால்பெர்கியா என்பர். டால்பெர்க் என்னும் சுவீடன் நாட்டுச் சகோதரர் இருவரின் நினைவாக இட்ட பெயர் இது. இதன் உட்பிரிவுகள் பல. மேசை ஆராய்ச்சிக்கு வேண்டியவை நான்கைந்தே. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது நம் தோதகத்தி. டால்பெர்கியா லாட்டிபோலியா, அதாவது அகன்ற இலையுடையது என்று பெயர் பெற்றது. இதுவே ஜாவாவிலும் வளர்ந்து 'சோனோகெலிங்' என்று விற்கப்படுகிறது. வட இந்தியாவில் சீசம் எனப்படுவது இதன் தங்கை முறை. அதையும் இந்திய ரோஸ்வுட் என்றே கடைக்காரர் சொல்வர். பிரேசிலின் கிழக்குக் கடற்கரைக் காடுகளில் வளர்ந்தது டால்பெர்கியா நிக்ரா. தாய்லாந்து, இந்தோசீனப் பகுதிகளில் வளர்பவை வேறு சில. மலாக்கா, பினாங்கு பாபா இல்லங்களில் முத்துச்சிப்பி பதித்தும் சலவைக்கல் பொருத்தியும் காணப்படும் சீன மேசைகள் பெரும்பாலும் இக்கடைசி வகை மரத்தால் ஆனவை.

அகத்தே காழ் உடையதை மரம் என்றும், புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டுவதைத் தமிழாசிரியர் அறிவர். மேசை ஆராய்ச்சியும் இந்த அகக்காழிலிருந்துதான் தொடங்குகிறது. வெளிறு நீக்கிய வயிரத்தில்தான் நிறமும் மணமும் கோடுகளும் உள்ளன. இந்தியத் தோதகத்தியின் வயிரம் ஊதா கலந்த பழுப்பு நிறம். அதன் கருங்கோடுகள் பெரும்பாலும் நேராகவும் ஒழுங்காகவும் ஓடும். பிரேசில் மரம் செம்மை கலந்த பழுப்பு. அதன் கருங்கோடுகள் சிலந்தி வலை பின்னியதுபோல் வளைந்து நெளிந்து செல்லும். ஆனால் இந்தக் கண்மதிப்பை நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. வெயில் பட்ட ரோஸ்வுட் காலப்போக்கில் தன் ஊதாவையும் செம்மையையும் இழந்து தேன் நிறத்துக்கு வந்துவிடும். எடையும் உதவாது. உலர்ந்த நிலையில் இரண்டு மரங்களும் கன மீட்டருக்கு 830 முதல் 850 கிலோகிராம் வரை இருக்கும். தேக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம்தான். ஆகவே தேக்கிலிருந்து பிரித்தறிய எடை உதவும், அவ்வளவே.

உறுதியான விடை உருப்பெருக்கியின் கீழ்தான் கிடைக்கும். அடிப்புறத்தில் மறைவான ஓரிடத்தில் எடுத்த சிறு சீவல் போதும். டால்பெர்கியா இனத்தின் பக்கவாட்டு வெட்டில், கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைப் போன்ற நுண்ணிய வரிகள் தோன்றும். நல்ல கைக்கண்ணாடியிலேயே இவற்றைக் காணலாம். இவை இல்லாவிடில் ரோஸ்வுட் என்ற பேச்சையே ஐயுற வேண்டும். எந்த ரோஸ்வுட் என்பதை அறிய நுண்துளைகளின் பருமனையும் நெருக்கத்தையும் ஒப்பிடுவர். ஒப்பிடுவதற்கு ஐயமற்ற மாதிரிகள் வேண்டும். கோலாலம்பூருக்கு அருகே கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் அத்தகைய மர மாதிரித் தொகுப்பு ஒன்று உண்டு.

போலிகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் சாலையோரங்களில் நிழல் தரும் அங்சானா மரத்தின் வயிரம், 'நியூகினி ரோஸ்வுட்' என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. அது டால்பெர்கியா அன்று. வேங்கை மரத்துக்கு உறவானது. இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது, மாணவர்க்கும் காட்டத் தக்கது. சில சீவல்களைக் கண்ணாடிக் குவளை நீரிலிட்டுக் கறுப்புத் துணி ஒன்றைப் பின்னணியாக வைத்து வெயிலில் பார்த்தால் நீர் நீல ஒளி வீசும். பழங்கால ஐரோப்பிய மருத்துவர் இவ்வாறு ஒளிவிடும் மரநீரைச் சிறுநீரக நோய்க்கு மருந்தெனக் கொண்டனர். இராபர்ட் பாயில் 1664-ஆம் ஆண்டில் இந்நிற மாற்றத்தை ஆராய்ந்து எழுதினார். இன்னொரு போலி இன்னும் துணிச்சலானது. இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ்வுட் மீது மோகம் பெருகியபோது, மலிவான பீச் மரத்தின்மேல் கருங்கோடுகளை வண்ணத்தால் தீட்டி ரோஸ்வுட்போல் செய்தனர். காலின் அடிமுனை தேய்ந்த இடத்தில் வெளுத்த மரம் எட்டிப் பார்ப்பதே அதன் குட்டை உடைத்துவிடும்.

மரம் ரோஸ்வுட்தான் என்று தெளிந்த பிறகும் ஒரு குழி காத்திருக்கிறது. மரம் பிறந்த நாடும் மேசை பிறந்த நாடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிரேசிலில் வெட்டப்பட்ட மரம் இங்கிலாந்தின் லங்காஸ்டரிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் மேசையாயிற்று. மரத்தைக் கண்டவுடன் நாட்டைச் சொல்லிவிடுவோர் இங்கேதான் வழுக்கி விழுகின்றனர்.

தச்சரின் கைவேலை

மேசையைக் கவிழ்த்து வைத்தால் முதலில் தெரிவது மறைவான மரம். விலையுயர்ந்த ரோஸ்வுட்டை எந்தத் தச்சரும் கண்காணா இடத்தில் வீணாக்கமாட்டார். உள்ளே ஊசியிலை மரமோ, ஓக்கோ, பீச்சோ, மகாகனியோ இருக்கும். அந்த மறைவான மரம் பெரும்பாலும் பட்டறைக்கு அருகில் மலிவாகக் கிடைத்தது. ஆதலால் மேலே உள்ள மரத்தைவிட அதுவே பிறந்த ஊரை நன்றாகச் சொல்லும். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இருந்தால், விற்பவர் எவ்வளவு பழமை பேசினாலும், அம்மேசை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருப்பது அரிது.

மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடும் காலத்தைக் காட்டும். கையிரம்பத்தால் அறுத்த பழைய தகடு தடித்தும் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கும். மார்க் இசம்பார்ட் புரூனல் என்பவர் வட்ட இரம்பத்தால் இத்தகைய தகடுகளை அறுக்கும் முறைக்கு 1806-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வட்ட இரம்பம் வில்போல் வளைந்த கீறல்களை விட்டுச் செல்லும். பிற்காலத்தில் கத்தியால் சீவிய தகடோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமே உடையது.

திருகாணிகளைக் கழற்றிப் பார்ப்பதும் பயன் தரும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய திருகாணிகளின் முனை பொதுவாக மழுங்கியிருக்கும். கூர்முனை அதற்குப் பின்னரே பரவிற்று. தலையில் சிலுவைக்குறி உடைய பிலிப்ஸ் திருகாணிக்கு 1936-ஆம் ஆண்டில்தான் காப்புரிமை வழங்கப்பட்டது. விக்டோரியா மகாராணி காலத்து மேசை என்று சொல்லப்படுவதில் அது காணப்பட்டால் உடனே பொய் என்று முடிவு கட்டவும் கூடாது. பழுது பார்த்தவர் மாற்றியிருக்கலாம். துளையின் உட்புறத்தில் பழைய திருகாணியின் தடம் வேறாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வட்ட மேசைக்கென்று ஒரு நுட்பமான சோதனை உண்டு. திண்மையான பலகை ஆண்டுகள் செல்லச் செல்ல ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். ரேகையின் போக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. ஆகவே, உண்மையான பழைய வட்ட மேசை இப்போது முழு வட்டமாக இராது. இரு திசைகளிலும் நாடா பிடித்து அளந்தால் சில மில்லிமீட்டர் வேறுபாடு தெரியும். இரண்டு அளவும் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தால் மகிழ்வதற்குப் பதிலாகச் சந்தேகப்பட வேண்டும். நீட்டி மடக்கும் மேசையாயின், வேண்டும்போது மட்டும் செருகும் நடுப்பலகையை மேற்பலகையோடு ஒப்பிடுக. அலமாரி இருட்டிலேயே காலங்கழித்த நடுப்பலகை கருமை குறையாமல் இருக்க, வெயில் கண்ட மேற்பலகை வெளுத்திருக்கும். இரண்டும் ஒரே நிறமாயின், ஒன்று மேசை அண்மையில் மெருகேற்றப்பட்டது. அன்றேல் நடுப்பலகையும் எந்நாளும் மேசையிலேயே கிடந்தது.

முத்திரையில் உள்ள பெயர் யாருடையது?

இனி முத்திரை. இதுவே எல்லோரும் முதலில் தேடுவது. ஆனால் இறுதியில் கேட்க வேண்டிய சாட்சி இது. ஏனெனில் முத்திரையில் ஒரு பெயர் இருப்பது தெரியும். அது யாருடைய பெயர் என்பது தெரியாது. வரைந்தவர் பெயரோ, செய்த பட்டறையின் பெயரோ, விற்ற கடையின் பெயரோ, தரம் பார்த்த சங்கத்தின் பெயரோ, எதுவாகவும் இருக்கலாம். இந்த நான்கையும் ஒன்றாகக் கருதுவதால் விளையும் குழப்பத்துக்கு டென்மார்க் நாட்டு மேசைகளே தக்க சான்று.

கோபன்ஹேகன் நகரத் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தி வந்தது. மேசை நாற்காலிகளை வரையும் கலைஞரும் அவற்றைச் செய்யும் தச்சரும் கைகோத்தது அங்கேதான். பின் யூல் என்பவர் வரைந்ததை நீல்ஸ் வோடர் என்ற தச்சர் செய்தார். வோடரின் சூட்டுக்குறியில் இருவர் பெயரும் உண்டு. தச்சரென்று ஒருவரையும் வரைந்தவரென்று மற்றவரையும் அது பிரித்தே சொல்லும். எல்லோரும் இத்துணை நேர்மையாக எழுதி வைத்திருந்தால் ஆராய்ச்சியாளர்க்கு வேலையே இராது. ஹான்ஸ் வெக்னர் வரைந்த மரச்சாமான்களை விற்க 1951-ஆம் ஆண்டில் ஐந்து தொழிலகங்கள் சேர்ந்து சால்ஸ்கோ என்னும் கூட்டமைப்பைத் தொடங்கின. அவற்றுள் மேசை செய்தது ஓடென்சே நகரத்து ஆண்ட்ரியாஸ் டக்; நாற்காலி செய்தது கார்ல் ஹான்சன்; அலமாரிகள் ரி என்னும் தொழிலகத்துக்கு உரியவை. எனவே, வெக்னர் மேசை என்று சொல்லப்படும் ஒன்றின் அடியில் டக் பட்டறையின் குறி இருந்தால் செய்தி பொருந்துகிறது. அலமாரி செய்தவரின் குறி இருந்தால் மறுமுறை விசாரிக்க வேண்டும்.

டேனிஷ் மேசைகளில் அடிக்கடி காணப்படும் வட்ட வடிவக் குறி ஒன்று, 'டேனிஷ் பர்னிச்சர் மேக்கர்ஸ் கன்ட்ரோல்' என்ற ஆங்கிலச் சொற்களைக் கொண்டிருக்கும். அதையே செய்தவர் பெயரென்று எழுதிவிடுவோர் பலர். அது தரக்கட்டுப்பாட்டுச் சங்கத்தின் குறி. அச்சங்கம் 1959-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆகவே அக்குறி செய்தவர் பெயரைச் சொல்லாவிடினும், மேசை 1959-க்கு முந்தியதன்று என்ற பயனுள்ள செய்தியைச் சொல்லிவிடுகிறது. 'மேட் இன் டென்மார்க்' என்று ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டு, ஆங்கிலேயர்க்குத் தொடர்பு கற்பிப்பதும் தவறு. வெளிநாட்டுப் பொருளின்மேல் அது வந்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் விதித்தது. அந்தப் பெரிய சந்தைக்குப் போகும் பொருள்கள் எல்லாம் அன்று முதல் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டன.

டேனியர் ரோஸ்வுட்டைப் 'பாலிசாண்டர்' என்பர். 1950, 1960-களில் அவர்கள் பெரிதும் விரும்பியது பிரேசில் மரமே. இந்தியத் தோதகத்தியும் அவர்கள் பட்டறைகளில் இடம் பெற்றது. பிரேசில் மரம் அருகத் தொடங்கியதும் இந்திய மரம் அதன் இடத்துக்கு வந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் கித்தார் நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் இந்திய மரத்துக்கு மாறியது இப்போக்குக்கு ஓர் அடையாளம். ஆகவே, டேனிஷ் மேசை என்று தெளிந்த பின்னரும் மரம் எந்நாட்டது என்ற வினா நீங்குவதில்லை. சட்டத்தின் கண்ணில் அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

லங்காஸ்டர் நகரத்துக் கில்லோ நிறுவனத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இராபர்ட் கில்லோ என்பவர் ஏறத்தாழ 1730-ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பட்டறை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 'கில்லோஸ் லங்காஸ்டர்' என்று தன் பெயரை இழுப்பறையின் மேல்விளிம்பில் அடித்து வைத்தது. தச்சர்கள் தம் சாமான்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் அக்கால இங்கிலாந்தில் அரிது. நீட்டி மடக்கும் உணவு மேசைக்கு ரிச்சர்ட் கில்லோ 1800-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவற்றினும் சிறந்த ஒன்றை அவர்கள் விட்டுச் சென்றனர். அது அவர்களுடைய கணக்குப் புத்தகம். 1784 முதல் எழுதப்பட்ட மதிப்பீட்டு ஏடுகளில், செய்த பொருளின் சிறு படம், மரத்துக்கு ஆன செலவு, பித்தளைக்கு ஆன செலவு, கூலி, செய்த தொழிலாளியின் பெயர் எல்லாம் பதிவாகியுள்ளன. இன்று அவை இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகர ஆவணக் களரியில் உள்ளன. இழுப்பறையின் அடியில் தொழிலாளி பென்சிலால் கிறுக்கி வைத்த பெயரை அந்த ஏட்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு, இன்ன மேசையை இன்ன மனிதர் செய்தார் என்று சொல்ல முடிந்திருக்கிறது. கூலிக்கு வேலை செய்த ஒரு தச்சரின் பெயர் இருநூறு ஆண்டு கழித்தும் தெரிய வருவது எளிய செய்தியன்று.

மரத்தை வெட்டியவர்களின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. லங்காஸ்டர் துறைமுகம் அடிமை வாணிகத்தில் ஈடுபட்ட துறைமுகம். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் வந்த மரத்தின் வரலாற்றில் அந்தக் கைகளும் அடங்கும்.

முத்திரையைப் போலியாக அடிப்பதும் உண்டு. ஒரு பழைய இழுப்பறையை எடுத்து வேறு மேசையில் பொருத்தினால், உண்மையான முத்திரையே பொய் சொல்லும். மரம், மறைவான மரம், இணைப்பு, ஆணி, முத்திரை ஆகிய அனைத்தும் ஒரே காலத்தையும் ஒரே இடத்தையும் சுட்டினால்தான் பெயரைத் துணிந்து சொல்லலாம். கில்லோ செய்தவற்றில் முத்திரை இல்லாதனவும் மிகுதி என்பதால், முத்திரை இல்லாமை ஒன்றையே காட்டி மறுப்பதும் பொருந்தாது.

இங்கே மொழிக்கும் வேலை உண்டு. தேர்ந்த ஏல நிறுவனத்தார் தம் பட்டியலில் சொல்லை அளந்தே எழுதுவர். 'இன்னார் செய்தது' என்பது ஒரு படி. 'இன்னார் செய்ததாகக் கருதத்தக்கது' என்பது அதற்குக் கீழே. 'இன்னார் பாணியில் அமைந்தது' என்பது இன்னும் கீழே. அதில் அவர் கை பட்டதென்ற உறுதியே இல்லை. உரையாசிரியர்கள் 'என்ப', 'என்பாரும் உளர்' என்று பிரித்து எழுதிய நுட்பத்தை அறிந்த தமிழர்க்கு இந்த வேறுபாடு புதிதன்று. மேசையோடு தலைமுறைக்குத் தலைமுறை செல்லும் குறிப்புத்தாளில் எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்பதைத் தெளிவாக எழுதுதல் வேண்டும்.

அத்தாளில் சட்டத்துக்கு வேண்டியவையும் சேரட்டும். பிரேசில் மர மேசையாயின், 1992-க்கு முன்னரே அது மேசையாக இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். பழைய விற்பனைச் சீட்டு, ஆண்டு தெரியும் குடும்பப் புகைப்படம், கப்பல் சரக்குச் சீட்டு எதுவும் பயன்படும். ஐரோப்பிய ஒன்றியம் 1947 மார்ச் 3-க்கு முன் செய்யப்பட்டவற்றைத் தொன்மைப் பொருளாக வேறு முறையில் நடத்துகிறது. ஏனைய டால்பெர்கியா மரச்சாமான்களில் 10 கிலோகிராம் வரை மரம் கொண்டவற்றுக்கு 2019 முதல் விலக்கு உண்டு. ஆனால் திண்மையான ரோஸ்வுட் உணவு மேசை அந்த அளவில் அடங்குவதில்லை. அதற்கு உரிய அனுமதிச் சீட்டைப் பெற்ற பிறகே கப்பலேற்ற வேண்டும்.

இவ்வளவு சான்றையும் ஒரே பிற்பகலில் அழித்துவிடக் கூடியவர் மெருகிடுவோர். மேசையைப் புதுப்பித்துத் தரச் சொன்னால் அவர் அடிப்புறத்தையும் சேர்த்து இழைப்புளியால் சீவி, உப்புத்தாள் தேய்த்து, பென்சில் எழுத்தையும் சூட்டுக்குறியையும் நீக்கித் தூய்மையாகக் கொடுத்துவிடுவார். பட்டறைக்கு அனுப்புமுன் மேசையைக் கவிழ்த்து, ஒவ்வோர் இழுப்பறையையும் வெளியே எடுத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படமெடுத்து வைக்க வேண்டும். மங்கிய எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.